கதவைக் கட்டிய கம்பி

விடிகாலை ஆறு மணிக்கே ஸோயாவுக்குக் காது வலித்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ரப்பர் நுனிப் பென்சிலால் ஒலிபெருக்கிக்கான ஒவ்வொரு கண்ணாடிக்குழல் வால்வையும் தட்டிக் கேட்க வேண்டும். கிணுகிணுத்தால் கழிசல், ஊமையாக இருந்தால் தேறியது. பதினெட்டு வருஷமாக இதே தட்டல். முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு இரும்பு அலமாரிகளில், கண்ணாடிக் கதவுகளுக்குள், வால்வுகள் நாற்பத்தெட்டு மணி நேரம் எரிந்து பழகிக்கொண்டிருந்தன. வெளியே வோல்கா நதி உறைந்து கிடந்தது. உள்ளே வியர்வை முழங்கை வழியாகச் சொட்டியது.

கதவைத் திறந்தால் சட்டத்திலுள்ள பொத்தான் விடுபட்டு மின்சாரம் தானாக நின்றுவிடும், அப்படித்தான் அலமாரியைச் செய்திருந்தார்கள். நின்றால் நாற்பத்தெட்டு மணி நேரமும் மறுபடி முதலிலிருந்து. கிட்டார் ஒலிபெருக்கிகளுக்கான வெளிநாட்டு ஆர்டர் குவிந்ததும் முதலாளி சுகானவ் வந்து சொன்னார்: "கதவுப் பொத்தான அமுக்கிக் கம்பியால கட்டுங்க. திறந்தாலும் எரியணும்." ஆளுக்கு ஓர் அலமாரியாகப் பெண்கள் கட்டினார்கள். பக்கத்து அலமாரி லூதாவுக்கு விரல்மூட்டு வீக்கம். அவளுடையதை ஸோயாதான் கட்டிக்கொடுத்தாள்.

"ஸோயா, ஒண்ணு சிவக்குதுடி!" என்று லூதா கத்தினாள். உள்தகடு சிவந்த வால்வை உடனே பிடுங்காவிட்டால் பக்கத்திலிருப்பதும் கெடும்.

"இரு, நான் வர்றேன்!"

"நீ வர்றதுக்குள்ள எனக்குப் பல்லே கொட்டிரும்!" சிரித்துக்கொண்டே லூதா ஈரக் கையை உள்ளே விட்டாள்.

அலறலே வரவில்லை. உடம்பு விறைத்து அலமாரியோடு ஒட்டிக்கொண்டது. வால்வுகள் படபடவென வெடித்தன, மயிர் கருகும் நாற்றம் அடித்தது. யாரோ ஓடி அந்த அலமாரியின் சுவிட்சை அணைத்தபோது அவள் தரையில் விழுந்தாள். கண் திறந்தே இருந்தது. அவ்வளவுதான், போய்விட்டாள்.

அரை மணியில் சுகானவ் இரண்டு காவலாளிகளோடு வந்தார். மேல்கோட்டால் மூடிக் கிடந்த லூதாவைத் தாண்டித்தான் நடந்தார்.

"குடிச்சிருந்தா. எல்லாரும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. அதுக்குள்ள கம்பியெல்லாம் கழட்டிக் குடுங்க. கதவ மட்டும் திறக்காதீங்க, சரக்கு எரியட்டும்."

"அவ டீயத் தவிர எதையும் வாயில வைக்க மாட்டா," என்றாள் ஸோயா. "குடிச்சுச் செத்தான்னு எழுதுனா நஷ்டஈடு கெடைக்காது, அவ பொண்ணு நடுத்தெருவுல நிக்கும்."

"அப்ப அவ கதவக் கட்டுனது யாரும்மா? உன் கைதானே? ஜெயிலுக்குப் போவ. யோசிச்சுக்க."

பாவி சொல்வது பொய்யில்லையே! கம்பியின் அந்த முறுக்கு ஸோயாவின் விரல் போட்டதுதான்.

தன் அலமாரிக்குப் போனாள். கம்பியை அவிழ்த்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். பிறகு கதவை விரியத் திறந்தாள். அலமாரி இருண்டது.

"ஆமா, நான்தான் கட்டினேன். நீ சொல்லித்தான் கட்டினேன். இதையேதான் இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொல்லப்போறேன். ஜெயிலுக்குப் போனா ரெண்டு பேருமா போவோம், வா!"

காவலாளியின் தடி அவள் வாயில் இறங்கியது. பல் ஒன்று தரையில் தெறித்தது. இன்னொருவன் கம்பியைப் பறிக்க மணிக்கட்டைத் திருகினான். ஸோயா அவன் கையைக் கடித்தாள்.

"இத நான் கட்டினேன்!" என்று ஒரு குரல். ரயீஸா! முதலாளிக்குத் தினமும் தேநீர் கொண்டுபோகும் ரயீஸா, அவர் எதிரில் நிமிர்ந்து பேசியே அறியாதவள். கம்பியைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். தடிக்காரன் அவளைத் தலைமயிரைப் பிடித்துக் கண்ணாடியில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. கதவை மட்டும் அவள் விடவில்லை.

"இது என்னுது!"

"இத நான்தான்யா கட்டுனேன், என்னா இப்ப?"

கம்பிகள் மணிக்கட்டுகளில் ஏற, ஒவ்வோர் அலமாரியாக அணைந்தது.

"ரெண்டு நாள் சரக்குடி! மூடுங்கடி கதவ!" சுகானவின் குரல் கீச்சிட்டது.

ஒருத்தியும் மூடவில்லை. சூடு தணியும் வால்வுகள் டிக் டிக்கென்று சத்தமிட, லூதாவைச் சுற்றி உட்கார்ந்து கைகோத்துக்கொண்டார்கள். ஸோயா, தானே கட்டிய லூதாவின் கதவுக் கம்பியைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டாள். அதை இன்ஸ்பெக்டர்தான் கண்ணால் பார்த்து அவிழ்க்க வேண்டும். அவர் நேர்மையானவரோ, விலைபோனவரோ, யாருக்குத் தெரியும்? மணி எட்டேகால்.

காவலாளிகள் தடியை ஓங்கிக்கொண்டு நெருங்கினார்கள். ஸோயா ரத்தத்தைத் துப்பினாள்.

"கம்பி சுத்துன கை பதினொண்ணு இருக்குடா. எதுலேர்ந்து ஆரம்பிக்கிற?"

ரயீஸா தன் கையை முதலில் நீட்டினாள்.