மெக்கானிக் கையெழுத்து

நான் பஸ் டெப்போவில் மெக்கானிக். என் வீட்டுக்காரர் அங்கேயே டிரைவர். வண்டியில் எங்கே கிறீச்சென்றாலும் அன்றைக்கே கோளாறு நோட்டில் எழுதிவிடுவார்: "மூன்றாவது கியரில் முனகல், காலை 7.40." அதனால் டெப்போவில் அவருக்குப் பெயரே 'குறிப்பு'. ஒவ்வொரு வரிக்கும் எதிரே என் கையெழுத்துக்கு ஒரு கட்டம். நான் போடாமல் வண்டி வெளியே போகாது. அந்தக் கட்டங்களில்தான் எங்கள் காதலே வளர்ந்தது, சிரிக்காதீர்கள்.

அவருக்கு ரத்தம் போவது துணி துவைக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டால் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"டிரைவர்னா மூலம் இருக்கும்தான். நாள் பூரா இன்ஜின் சூட்டுல உக்காந்திருக்கோம்ல?"

டிரைவர்கள் ஓய்வறையில் அது பதவி உயர்வு மாதிரி. யாருக்கு ரத்தம் போனாலும் நடுவில் ஓட்டை போட்ட மெத்தை ஒன்றைக் கைதட்டிக் கொடுப்பார்கள். பத்துப் பேருக்கு மூலம் என்றால் பதினோராவது ஆளுக்கும் அதேதான் என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். இவர் சீட்டிலும் அந்த மெத்தை கிடந்தது. முன்பு கேட்டபோது முதுகு வலிக்கு என்றார், நானும் நம்பித் தொலைத்தேன். வந்த ஆத்திரத்தில் அதைத் தூக்கிப் பழைய டயர் குவியலில் எறிந்தேன்.

தெருமுனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். களிம்பு கொடுத்தார். அடுத்த மாதம் மாத்திரை. அதற்குள் இவர் பெல்ட்டில் இரண்டு புது ஓட்டைகள் விழுந்துவிட்டன. பஸ் படி ஏறவே மூச்சு வாங்கியது. மூன்றாம் முறை டாக்டர் பேனாவை எடுத்ததும் நான் மருந்துச் சீட்டின் மேல் கையை வைத்தேன்.

"எங்க ஷெட்டுல ஒரே கம்ப்ளெயின்ட் மூணு தடவ வந்தா, திறந்து பாக்காம வண்டிய விடக்கூடாது டாக்டர். குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கணும். எழுதிக் குடுங்க."

"இவருக்கு நாப்பத்தஞ்சு கூட ஆகலையேம்மா..."

"வண்டி புதுசுன்னா பிரேக் போகாதா?"

டாக்டர் என் கிரீஸ் படிந்த கையைப் பார்த்தார். பிறகு எழுதிக் கொடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். யாராவது வராமல் போனால் அந்த இடம் எங்களுக்கு வேண்டும் என்று தினமும் காலை எட்டு மணிக்குப் போன் போட்டேன். போனை எடுக்கும் பெண்ணுக்கு என் இருமல்கூட அத்துப்படி ஆனது. ஒன்பதாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

கேமரா விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் கட்டி. புற்றுநோய்தான் என்று உறுதியானது. காட்டிய நாற்காலியில் நான் உட்காரவில்லை.

"முதல்ல எப்ப ரத்தம் பாத்தீங்க?" என்று அறுவை சிகிச்சை டாக்டர் கேட்டார்.

"நாலு மாசம் இருக்கும்" என்றேன் நான்.

இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். முதல் வரி பதினோரு மாதத்துக்கு முந்தையது. "காலை 5.10. ரத்தம், கொஞ்சம்." பக்கம் பக்கமாகத் தேதி, மணி, அளவு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே பழக்க தோஷத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தார். எல்லாமே காலி.

"இவ்வளவும் எழுதிட்டு எங்கிட்ட ஏன் காட்டல?"

"காட்டினா நீ வண்டிய நிறுத்திடுவ."

அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

டாக்டர் ஸ்கேன் படங்களைத் திரும்பப் பார்த்தார். "இன்னும் வேற எங்கயும் பரவல. திங்கக்கிழமையே எடுத்துடலாம்."

டாக்டரின் பேனாவையே வாங்கினேன். கடைசி வரிக்கு எதிரே இருந்த கட்டத்தில் 'வண்டி நிறுத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.