பழரசம் குடித்த பிள்ளைகள்

பிரசவ விடுப்பு முடிந்து ஞானபூரணி மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது அவள் மகன் ராஜசிங்குக்கு நாலு மாதம். திருத்தங்கலில் மூன்றாம் வகுப்பு டீச்சர் அவள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, பக்கத்து வளவின் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்த பத்திரகாளியை ஏற்பாடு செய்திருந்தாள். பத்திரகாளி வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டுகிறவள். அவளுக்கும் கிட்டத்தட்ட அதே வயதில் சோணைமுத்து என்று ஒரு மகன். ஒரே சேலையைக் கிழித்துக் கட்டிய இரண்டு தொட்டில்களில் இரண்டும் ஆடின.

மத்தியான மணி அடித்ததும் ஞானபூரணி ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவாள். அதற்கு முன்னாலேயே பசித்து அழும் ராஜசிங்கைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் பத்திரகாளி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தம்பி ரொம்ப வீறிட்டா, நானே அமர்த்தட்டுமா டீச்சரம்மா? எனக்குத்தான் பால் நெறைய ஊறுதே."

ஞானபூரணிக்கு முகம் சுருங்கிவிட்டது. "வேண்டாம், வேண்டாம். நான் வேற ஏதாச்சும் ஏற்பாடு பண்றேன்" என்று அவசரமாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு பத்திரகாளி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஏற்பாடு கிறிஸ்துமஸுக்கு வந்தது. கணவன் சத்தியநாதன் சிவகாசியில் ஒரு கலர் அச்சாபீஸில் இருந்தான். அங்கே ஆரஞ்சுப் பழரசக் கம்பெனி ஒன்றின் லேபிள் அச்சில் ஓடியது. அந்தக் கம்பெனிக்காரர்கள் பண்டிகைக்கென்று அனுப்பிய பாட்டில்களை முதலாளி வேலையாட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருந்தார். லேபிளில் கன்னம் உப்பிய ஒரு குழந்தை சிரித்தது. பச்சிளங் குழந்தைகளுக்கும் தெம்பு தரும் என்று கீழே போட்டிருந்தது.

பழத்தில் உயிர்ச்சத்து இருக்கிறது என்று வகுப்பில் பிள்ளைகளைச் சேர்ந்து சொல்லவைக்கிறவள் ஞானபூரணி. அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பால் புட்டியில் கொஞ்சம் ஊற்றித் தண்ணீர் கலந்து எப்படிக் கொடுப்பதென்று பத்திரகாளிக்குக் காட்டிக் கொடுத்தாள்.

"ஒம் மகனுக்கும் குடு. ஆரஞ்சுப் பழம் வாங்கிக் குடுக்கவா முடியுது நம்மளால? இது அம்புட்டும் சத்து" என்று ஒரு பாட்டிலைத் தனியாக அவளிடம் நீட்டினாள்.

பத்திரகாளி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிள்ளைகள் சப்புக்கொட்டிக் குடித்தன. அழுகை நின்றது. சோணைமுத்து அந்த இனிப்புக்குப் பழகிய பிறகு மார்பில் வாய் வைப்பதே குறைந்துபோனது. வேலை கெடாமல் பெட்டி ஒட்ட முடிந்ததால் பத்திரகாளிக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

தை பிறந்த கையோடு இரண்டு பிள்ளைகளுக்கும் வயிற்றால் போகத் தொடங்கியது. பல் முளைக்கப் போகிறது என்றார்கள், கண்ணேறு என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ராஜசிங் தலை நிற்காமல் துவண்டு கிடந்தான். உச்சிக்குழி அமுங்கியிருந்தது. ஞானபூரணி பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கணவனுடன் பிரசவ விடுதிக்கு ஓடினாள். அங்கே நர்ஸாக இருந்த ஜெயசீலி அக்கா அவர்களுடைய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவள்.

என்ன கொடுக்கிறாய் என்று அக்கா கேட்டதும் ஞானபூரணி பாட்டிலைப் பற்றிச் சொன்னாள்.

"சாத்துக்குடியப் பிழிஞ்சு ஒரு ஸ்பூன் குடுங்கன்னு நானே தாய்மாருக்குச் சொல்லியிருக்கேன் பூரணி. இப்ப அதுவே சரிதானான்னு எனக்கு யோசனையா இருக்கு. ஆனா நீ குடுத்தது பழமே இல்ல. சீனிப்பாகு, சாயம், புளிப்பு. அதைக் குடிச்சு வயிறு நெறைஞ்ச பிள்ளை எப்படிப் பால் குடிக்கும்? கலந்த தண்ணியக் காய்ச்சுனீங்களா?"

தண்ணீரைக் காய்ச்ச வேண்டுமென்று பத்திரகாளியிடம் சொன்னதாக ஞானபூரணிக்கு ஞாபகமில்லை.

"மொதல்ல பால் குடு. விடாமக் குடு. வேற ஒண்ணும் வேண்டாம்."

ராஜசிங் மெல்லச் சப்பத் தொடங்கினான். கொஞ்சம் விட்டு மறுபடியும் குடித்தான். அவன் கண் திறந்து பார்த்த பிறகுதான் ஞானபூரணிக்கு மற்றப் பிள்ளையின் நினைவு வந்தது. மகனைக் கணவன் மடியில் போட்டுவிட்டுப் பத்திரகாளி வீட்டுக்கு ஓடினாள். கதவு பூட்டியிருந்தது. வளவுக்காரி ஒருத்தி சொன்னாள்.

"சோணைமுத்துக்கு ரொம்ப முடியல. மாரியாத்தா காலடியில போட்டு எடுக்கணும்னு இருக்கன்குடிக்குப் போயிட்டா. வழியில தெம்புக்கு வேணுமேன்னு நீங்க குடுத்த பாட்டிலையும் எடுத்துட்டுத்தான் போயிருக்கா டீச்சர்."

திரும்பி வந்து, தானும் இருக்கன்குடிக்குப் போகவேண்டும் என்றதும் சத்தியநாதன் எழுந்துவிட்டான்.

"ஒனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? நம்ம பிள்ளை இப்பத்தான் கண்ணத் தொறந்திருக்கான்."

"அந்தப் பிள்ளைக்கும் நாந்தான குடுத்தேன்?"

"தை வெள்ளிக்கு ஊரே கூடியிருக்கும். அந்தக் கூட்டத்துல எங்கன போயித் தேடுவ?"

ஜெயசீலி அக்கா குறுக்கே வந்தாள். "வயிறு நெறையக் குடுத்துட்டுப் போ. நடுவுல காய்ச்சி ஆறுன தண்ணியை ஸ்பூன்ல விட்டு நான் பாத்துக்கிடுதேன். வெரசா வந்துரு."

சாத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். அங்கிருந்து கோயிலுக்குப் போன பஸ்ஸில் மஞ்சள் சேலைகளுக்கு நடுவே நெருக்கியடித்து ஏறினாள். பொட்டில்லாத அவள் நெற்றியை ஒரு கிழவி உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தாள். மகனை விட்டுவிட்டு வந்தது சரிதானா என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. மார்பு கனத்து வலித்தது.

ஆற்று மணலில் அடுப்புப் புகையும் உறுமிச் சத்தமுமாக இருந்தது. பந்தல் பந்தலாகப் பார்த்துக்கொண்டு போனவள், வண்டிகள் அவிழ்த்துப் போட்ட இடத்தில் பத்திரகாளியைக் கண்டாள். மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீரைப் புட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தப் பாட்டில். மடியில் கிடந்த பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

ஞானபூரணி புட்டியைப் பிடுங்கினாள். "குடுக்காத! இதாலதான் வந்துச்சு எல்லாம்."

பத்திரகாளியின் குரல் உயர்ந்தது. "என்ன சொல்றீக? நீங்கதான சத்துன்னு சொல்லிக் குடுத்தீக?"

"நாந்தான் குடுத்தேன். எம் மகனுக்கும் இதேதான். அது சத்து இல்ல பத்திரகாளி. எனக்குத் தெரியாமப் போச்சு. பால் குடு."

"எங்க இருக்கு பாலு?" பத்திரகாளி மார்பில் அடித்துக்கொண்டாள். "அவன் குடிக்காம வத்திப் போச்சே! ரெண்டு நாளா ஒரு சொட்டு இல்ல. படிச்சவுக சொல்றீகன்னுதான நான் குடுத்தேன்!"

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஞானபூரணி மணலில் உட்கார்ந்தாள். பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள். பத்திரகாளி கொடுக்கவில்லை.

"எம் பாலு ஆகாதுன்னு சொன்னீகள்ல, டீச்சரம்மா."

"சொன்னேன்" என்றாள் ஞானபூரணி. நீட்டிய கை அப்படியே இருந்தது. "குடு பத்திரகாளி. பிள்ளை தாங்காது."

பத்திரகாளி பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சோணைமுத்துவுக்குச் சப்பவே தெம்பில்லை. ஞானபூரணி பாலைப் பீய்ச்சி அவன் உதட்டில் விட்டாள். வெகு நேரம் கழித்து ஒரு மடக்கு விழுங்கினான், பிறகு இன்னொன்று. ஒரு பெண் தன் சேலைத் தலைப்பை விரித்து வெயிலை மறைத்தாள். ஞானபூரணிக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

அங்கிருந்து திரும்பிய மிளகாய் லாரிக்காரர் ஒருவர் அவர்களை ஏற்றிச் சாத்தூர் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார். காலில் ஊசி குத்திக் குளுகோஸ் ஏற்றினார்கள். இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். பத்திரகாளியின் புருஷன் கோட்டைச்சாமி வந்து சேர்ந்த பிறகே ஞானபூரணி ஊருக்குப் பஸ் ஏறினாள்.

ராஜசிங் பிழைத்துக்கொண்டான். மாதம் முடிவதற்குள் பழையபடி கால் உதைத்தான். சோணைமுத்துவும் பிழைத்தான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது தொடையில் சதை இல்லை. மற்றப் பிள்ளைகள் தவழும் வயதில் அவன் பாயில் கிடந்தான். ஆத்தா உயிரைக் கொடுத்தாள் என்று பத்திரகாளி வேண்டுதல் முடித்துவிட்டு வந்தாள்.

ஞானபூரணி சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தாள். காலையும் மாலையும் ராஜசிங்கை இடுப்பில் வைத்துக்கொண்டு பத்திரகாளி வீட்டுக்குப் போவாள். பத்திரகாளிக்குப் பால் திரும்பும் மட்டும் சோணைமுத்துவுக்கு ஞானபூரணிதான் பால் கொடுத்தாள். பத்திரகாளி தடுக்கவில்லை. ஆனால் வா என்று சொல்லவுமில்லை. பிள்ளையை எடுத்து மடியில் வைத்துவிட்டுப் பெட்டி ஒட்டப் போய்விடுவாள். பால் திரும்பிய பிறகும் ஞானபூரணி போய் உட்கார்ந்திருப்பாள்.

"அதான் பிள்ளை பிழைச்சிட்டானே, இன்னும் எதுக்கு அங்கன போயி நிக்க?" என்று சத்தியநாதன் கேட்டான். அவளால் போகாமல் இருக்க முடியவில்லை.

பங்குனியில் ஒரு நாள் சோணைமுத்து தொட்டிலில் சிணுங்கத் தொடங்கினான். பத்திரகாளியின் விரலெல்லாம் பசை. வாசல் நிலையில் ஞானபூரணி நின்றிருந்தாள். பத்திரகாளி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்; உடனே குனிந்துகொண்டாள்.

"கையெல்லாம் பசையா இருக்கு" என்றாள், தரையைப் பார்த்தபடி. "அவனக் கொஞ்சம் தூக்குங்க டீச்சரம்மா."