ஆடாத தலை

இளவரசனுக்கு எதுவும் பார்க்கச் சுத்தமாக இருக்க வேண்டும். சட்டையில் ஒரு கசங்கல் தெரிந்தால், வருகிற பஸ்ஸையும் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி இஸ்திரி போடுகிற ஆள். ரிஷிவந்தியத்துப் பக்கம் குடியானவர் வீட்டுப் பிள்ளை. மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது வாய்த்ததும் படத்தைச் சுத்தம் செய்கிற வேலைதான்.

மூளையின் ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் பார்ப்பது லேசில்லை, மண்டையோடு மறைக்கும். அதனால் இரண்டு படம் எடுப்பார்கள். குழாயில் மருந்து ஏற்றுவதற்கு முன் ஒன்று, ஏற்றிய பின் ஒன்று. பின்னதிலிருந்து முன்னதைக் கம்ப்யூட்டர் கழித்துவிட்டால் எலும்பு போய்விடும், குழாய்கள் மட்டும் மரக்கிளை மாதிரி நிற்கும். நடுவில் நோயாளி தலையை ஆட்டிவிட்டாலோ, இல்லாத கோடுகளும் திட்டுகளும் முளைக்கும். அந்தத் திட்டுகளையும் துடைத்துவிடும் புதுமுறை ஒன்றை இளவரசன் உண்டாக்கியிருந்தான். பழைய முறையா, புதுமுறையா, எது தேவலை என்று ஒப்பிடுவதுதான் ஆராய்ச்சி. எது ஜெயிக்க வேண்டும் என்பதை இளவரசன் ஐயா மனசுக்குள் முதலிலேயே முடிவு கட்டியிருந்தார், அது வேறு விஷயம்.

எண்பத்தேழாம் வருஷக் கோடையில், கல்வராயன் மலையிலிருந்து சாலம்மாள் என்ற பெண் ஓயாத தலைவலியோடு அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கூடப் புருஷன் செல்லன். நம்ம பக்கத்து ஆட்கள் என்று இளவரசனே போய் நின்று, "ஆடாம படும்மா" என்று சொல்லிப் படம் எடுக்க வைத்தான். பழைய முறையில் கழித்தபோது, ஒரு குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில் சின்னத் திட்டு தெரிந்தது. புதுமுறையில் போட்டான், திட்டு மறைந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது படம்.

டாக்டருக்கு மட்டும் சந்தேகம். "குழாய் வீங்கினதா, தலை ஆடினதா?" என்று கேட்டார்.

"ஆடினதுதான் சார். மலைக்காரங்க, சொன்னாப் புரியாது" என்றான் இளவரசன். அதை அவனுக்கு யாரும் தனியாகக் கற்றுக்கொடுக்கவில்லை. சின்ன வயதிலேயே சோற்றோடு ஊட்டிவிட்டிருந்தார்கள்.

வெளியே பெஞ்சில் இருந்த சாலம்மாளுக்கு அது காதில் விழுந்தது. "நான் ஆடலீங்க. மூச்சக்கூடப் புடிச்சிக்கினுதான் கெடந்தேன்" என்றாள்.

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க" என்று சிரித்தான். தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

செப்டம்பரில், கட்டுரைக்காகத் தலை ஆடியவர்களின் பழைய முறைப் படங்களையெல்லாம் மேசையில் பரப்பினான். தலை ஆடினால் எலும்பு முழுதாகக் கழியாமல் மண்டையின் ஓரமும் இரட்டைக் கோடாக விழும். எல்லார் படத்திலும் அப்படித்தான் விழுந்திருந்தது. சாலம்மாள் படத்தில் மட்டும் அந்தக் கோடும் இல்லை, ஒரு பிசிறும் இல்லை. அவள் ஆடவே இல்லை. அந்தத் திட்டு நிஜமான வீக்கம், எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். அதைத்தான் அழுக்கு என்று துடைத்திருக்கிறான். டாக்டரிடம் ஓடினான். "உடனே கூட்டிட்டு வா, ஆபரேஷன் பண்ணலாம்" என்றார் அவர்.

அந்த வாரம் பார்த்து, இடஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் சாலை மறியல். உளுந்தூர்பேட்டைக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. ரோட்டின் குறுக்கே புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். நடந்தான்; தெரிந்த வீட்டில் சைக்கிள் வாங்கி மிதித்தான். தியாகதுருகம் பக்கம் மறித்து நின்ற கூட்டத்தில் அவன் தாய்மாமன் வீரமுத்து இருந்தார்.

"இன்னாடா மாப்ள, நீ இங்க? ஒன்ன மாதிரி புள்ளைங்க படிக்கணும்னுதான் நாங்க ரோட்ல குந்திக்கினு கீறோம்!"

விஷயத்தைச் சொன்னான். மாமன் யோசிக்கவே இல்லை. "ஒரு உசுருனா வுடாம இருப்பமா? ஏய், கயித்தக் கட்டி மரத்த இழுங்கடா!"

ஜீப்பும் ஏற்பாடு செய்து கொடுத்தார். கள்ளக்குறிச்சி தாண்டி மலையடிவாரம் வரை, மறித்தவர்களே விலகி வழிவிட்டார்கள். ரோட்டின் மேல் பழியைப் போடலாம் என்றால் அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

வெள்ளிமலைக்கு அப்பால், செல்லன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தான். இளவரசனைப் பார்த்ததும் எழுந்துகொண்டான்.

"சாலம்மா எங்க?"

"போய்ட்டாளுங்க, போன மாசம். சாமைக் காட்ல களை எடுத்துக்கினு இருந்தா. தலைன்னு கத்தினா. அவ்ளோதான்."

செல்லன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். இளவரசன் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தான்.

"டாக்டரு திரும்பக் கூட்டியாரச் சொன்னாருங்களா சார்? கூப்புடுவாங்கன்னு அவளும் சொல்லிக்கினேதான் இருந்தா. அடுத்த தபா ஆடக்கூடாதுன்னு தெனமும் பாயில அசையாம படுத்துப் பழகுவா. என்னப் பாக்கச் சொல்லி, 'ஆடுனனா, ஆடுனனா'ன்னு கேப்பா. நான் எரிஞ்சி வுழுவேன். அங்க ஆடிப் படத்தக் கெடுத்துப்புட்டு இங்க இன்னாடி படுத்துக் காட்டுறன்னு."

இளவரசன் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் மலையில் யாரும் இல்லை. சாவுக்கு வந்தவனாக நாலு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறியிருக்கலாம். ஆனால் அந்தப் பாய் கதவுக்குப் பக்கத்தில் சுருட்டிச் சாத்தியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவனால் ஆகவில்லை.

"அவங்க ஆடல" என்றான். "படம் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

செல்லன் கத்துவான், அடிப்பான் என்று நினைத்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தான். செல்லன் காலிச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அவளும் அதத்தான் சொன்னா சார்" என்றான். "நான் ஒங்களத்தான் நம்பினேன்."