செவ்வாய், புதன், வியாழன்

எங்கள் படிப்பில் வாரத்துக்கு மூன்று நாள்தான். செவ்வாய், புதன், வியாழன். போக்குவரத்துத் திட்டமிடலில் முதுநிலை படிக்க வந்த முதல் வாரத்திலேயே இதைத் தலையில் ஏற்றிவிடுவார்கள். சாலையில் வண்டிகளை எண்ணினாலும் சரி, நிறுத்தத்தில் ஆட்களை எண்ணினாலும் சரி, இந்த மூன்று நாளில்தான் எண்ண வேண்டும். திங்கட்கிழமை எல்லோரும் விடுமுறை மயக்கத்தில் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் இருப்பார்கள். நடுவில் உள்ள மூன்று நாள் மட்டும் மனிதன் இயல்பாக இருக்கிறானாம். பேராசிரியர் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று கேட்கிறவள் நான். அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பேராசிரியருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் சராசரி. எதைக் காட்டினாலும் "சராசரி எவ்வளவு?" என்பார். காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டவனிடம் மூன்று நாள் சராசரி வெப்பம் கேட்டார் என்று வகுப்பில் ஒரு கதை உண்டு. நல்ல மனிதர்தான். மற்றவர்களின் ஆய்வேடுகள் அலமாரியில் தூசி தின்றுகொண்டிருக்க, எனக்கு மட்டும் உண்மையான வேலை ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். நகரப் பேருந்துக் கழகத்தின் ஒரு தடம், இருபத்து மூன்று நிறுத்தங்கள். வண்டி ஊர்ந்துகொண்டு போகிறது, எந்தெந்த நிறுத்தத்தை எடுக்கலாம் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் செய்வார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் இருந்தது அக்கா வீட்டில். அம்மா போன பிறகு, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அக்காதான் எனக்கு எல்லாம். வீட்டிலேயே ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுப்பாள். மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்கு ஐம்பது வார்த்தை பேசினால் அதிகம். அக்காவுக்கு வலது பாதத்தில், கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். சர்க்கரை வியாதியால் ஐந்து மாதமாக ஆறவில்லை.

"இந்தக் காலை முடிஞ்சவரைக்கும் தரையில வைக்காதீங்கன்னு டாக்டர் சொல்றார்" என்றாள் ஒருநாள். "புண்ணு எலும்பைத் தொட்டுட்டா அப்புறம் கால் நம்ம கையில இல்லையாம். கால் எப்படிடி கையில இருக்கும்?"

"விளையாடாதக்கா. வலிக்குதா?"

"வலியே இல்லடி. அதான் எனக்கே மறந்துபோகுது."

வலி இல்லாததுதான் அந்த வியாதி. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டால் முள் குத்தினாலும் தெரியாது. மாமா தையல் மெஷினின் மிதி சுவிட்சைக் கழற்றி இடது கால் பக்கமாக மாற்றி வைத்தார். வாரத்துக்கு இரண்டு முறை அக்கா கட்டு மாற்றப் போய் வந்தாள். "காலுக்குப் போயிட்டு வரேன்" என்பாள். நானும் தலையாட்டுவேன். எங்கே என்று கேட்டதில்லை. இருபத்து மூன்று நிறுத்தங்களிலும் எத்தனை பேர் ஏறினார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கூடப் பிறந்தவள் எந்த நிறுத்தத்தில் இறங்குகிறாள் என்று தெரியாது.

பதினாறாவது நிறுத்தத்தில் மூன்று நாள் நின்றேன். செவ்வாய், புதன், வியாழன். எதிரே ஒரு மஞ்சள் கட்டடம், இரும்புக் கதவு பூட்டியிருந்தது. மதில்மேல் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பலகையின் நிழலில் அட்டையும் பென்சிலுமாக ஒதுங்கிக்கொண்டேன். ஓர் ஆளுக்கு ஒரு கோடு, நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது போட்டால் ஒரு கட்டு. அதுதான் எங்கள் எண்ணும் முறை. மூன்று நாளும் சேர்த்து ஏறியவர்கள் பதினொரு பேர், இறங்கியவர்கள் ஒன்பது பேர். படிவத்தில் அருகிலுள்ள கட்டடம் என்ற இடத்தில் 'மூடிய கட்டடம்' என்று எழுதினேன். பலகை நல்ல நிழல் தந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஐந்து நிறுத்தங்களை எடுத்தால் நாலு நிமிடம் மிச்சம் என்று கணக்கு வந்தது. கழகம் ஒப்புக்கொண்டு மூன்று மாதச் சோதனை ஓட்டத்துக்கு நாள் குறித்தது. அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கு வாய் ஓயவில்லை. எந்த ஐந்து என்று விரல் விட்டுச் சொன்னேன்.

"மஞ்சள் கட்டடத்துக்கு முன்னாடி இருக்கே, அதுவுமா?" என்று அக்கா கேட்டாள்.

"அதுதான் முதல்ல. அங்க ஈ காக்கா இல்லக்கா. மூணு நாள்ல பதினொரு பேருதான் ஏறியிருக்காங்க. அதுக்கு ஒரு ஸ்டாப்பா?"

"அப்ப அங்க போறவங்க?"

"அடுத்த ஸ்டாப்புல இறங்கி நடக்கணும். நானூத்தி எண்பது மீட்டர். ஆறு நிமிஷம். ஐநூறுக்குள்ள இருந்தா நடக்கலாம்னு ரூல் இருக்கு."

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு நாள் நின்னு எண்ணியிருக்கே, சரியாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா. பிறகு என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். "இன்ஜினியரம்மா நல்லா சாப்பிடட்டும். ஊரையே நாலு நிமிஷம் முன்னாடி தள்ளியிருக்கா." நான் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சோதனை ஓட்டம் தொடங்கியது. பதினாறாவது நிறுத்தத்தின் கம்பத்தைப் பிடுங்கி, குழியை சிமென்ட் பூசி மூடினார்கள். நான் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். வண்டிகள் சொன்னபடி நாலு நிமிடம் முன்னால் வந்தன. சராசரி சார் துறைத்தலைவரிடம் என்னை அழைத்துப்போய்க் காட்டினார். ஆய்வேட்டின் ஆறாம் அத்தியாயத்தில் நான் எழுதிய வரி இது: 'நிறுத்தங்கள் நீக்கப்பட்டது குறித்துப் பயணிகளிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை.'

பதின்மூன்றாவது வாரம் அக்காவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. பெரிய மருத்துவமனையில் கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பொத்தான் அளவு புண்ணுக்குள் விரல் நுழையும் பள்ளம் இருந்தது. எலும்பு வரைக்கும் சீழ் இறங்கியிருந்தது.

"கட்டு மாத்தப் போறப்ப எவ்வளவு தூரம் நடப்பீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நடக்கிறதே இல்ல டாக்டர். கேட் வாசல்லயே இறங்கிடுவேன்" என்று அக்கா விட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

மாமா விருட்டென்று எழுந்து வெளியே போனார். நானும் பின்னால் போனேன். வராந்தாவில் சுவரில் கை ஊன்றி நின்றார்.

"கேட் வாசல்ல இறங்கி மூணு மாசமாச்சு" என்றார்.

"ஏன் மாமா?"

"அந்த ஸ்டாப்பத்தான் எடுத்துட்டாங்களே."

"எந்த ஸ்டாப்?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மஞ்சள் கட்டடம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தித் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்களாவது சொல்லியிருக்கலாமே" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"சத்தியம் வாங்கிட்டா. முதல்முதலா என் தங்கச்சி கைபட்டு ஊர்ல ஒரு காரியம் நடக்குது, நான் போய் குறுக்க நிக்கணுமான்னா. வாடகை வண்டி பிடிச்சுக்கன்னேன். அந்தக் கூப்பிடு தூரத்துக்கு எவன் வருவான்னா. வலிக்கலியே, நடந்தா என்னன்னா." அன்றைய ஐம்பது வார்த்தையும் அதிலேயே தீர்ந்தது போல மாமா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை, முழங்காலுக்குக் கீழே அக்காவின் காலை எடுத்தார்கள். எங்கள் கணக்கில் அது இயல்பான நாள். உள்ளே அது நடந்துகொண்டிருந்தபோது வெளியே என் மூளை கேட்காமலே கணக்குப் போட்டது. போக நானூற்று எண்பது மீட்டர், வர நானூற்று எண்பது. வாரத்துக்கு இரண்டு முறை, பதின்மூன்று வாரம். இருபத்தைந்து கிலோமீட்டருக்கு நாற்பது மீட்டர் குறைவு. தரையில் வைக்கக் கூடாத காலால் என் அக்கா அவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள். நான் நடக்க வைத்திருக்கிறேன். வேறு விதமாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அக்கா வீடு திரும்பிய வாரம் சராசரி சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். திங்கட்கிழமை போய் எண்ணப்போகிறேன் என்றதும் தயங்கினார்.

"மத்த இருபத்திரண்டையும் நடுவாரத்துல எண்ணியிருக்கோம்மா. இது ஒண்ணை மட்டும் திங்கட்கிழமை எண்ணினா ஒப்பிட முடியாது."

அவர் சொன்னது முறைப்படி சரி. சரியாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. "சார், அந்தக் கட்டடம் என்னன்னு நீங்க கேக்கல. மூணு நாள் அதோட பலகைக்கு அடியில நின்னு நானும் படிக்கல" என்றேன்.

மேசைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "எண்ணிட்டு வா. எங்க சேர்க்கிறதுன்னு அப்புறம் பாக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே போய்விட்டேன். இரும்புக் கதவு திறந்திருந்தது. இந்த முறை முதலில் பலகையைப் படித்தேன். 'பாதப் புண் சிகிச்சை நிலையம். திங்கள், வெள்ளி மட்டும். காலை எட்டு முதல் ஒரு மணி வரை.' எழுத்து பெரிதாகத்தான் இருந்தது. படிக்கத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் படித்திருப்பார்கள்.

எட்டு மணிக்கு முன்பே வரத் தொடங்கிவிட்டார்கள். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் கட்டு. மதிலைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், பத்தடிக்கு ஒருமுறை நிற்கிறவர்கள். ஆறு நிமிடம் என்று நான் எழுதிய தூரத்தை ஒரு பெரியவர் இருபத்து மூன்று நிமிடத்தில் நடந்தார். சிமென்ட் பூசிய குழிக்குப் பக்கத்தில் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"பஸ் ஆபீஸா? இங்க ஒரு ஸ்டாப் இருந்துச்சும்மா. எந்தப் புண்ணியவான் எடுத்தானோ, நல்லா இருக்கட்டும்."

"நான்தாங்க எடுத்தேன்."

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் சிரித்தார். "கொஞ்சம் கை குடும்மா" என்று என் கையைப் பிடித்து எழுந்து உள்ளே போனார். நான் அவருக்கும் ஒரு கோடு போட்டேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அக்கா மெஷின் முன்னால் இருந்தாள். யாருக்கோ நீலத் திரை. இடது காலால் சுவிட்சை மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம் பாவாடை மடிந்து தொங்கியது. இத்தனை நாளும் அவளும் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அன்றைக்கு அடக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து அவள் மடியில் தலையை வைத்து அழுதேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனேக்கா."

"என்னன்னு சொல்றது? நாங்க அங்க போறது ரெண்டு நாள். மத்த நாள் காலியாத்தானே கிடக்கும்? நீ சொன்னது பொய் இல்லையே." என் தலைமுடியிலிருந்து ஒரு நூல் துணுக்கை எடுத்துப் போட்டாள். "படிச்சவ சொல்றா, நமக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன். வலிச்சிருந்தா சொல்லியிருப்பேன்டி."

அவள் என் பையிலிருந்து அட்டையை உருவினாள். தாளில் விரலை வைத்துக் கட்டுக் கட்டாக எண்ணினாள்.

"எட்டுக் கட்டு, ஒரு கோடு. நாப்பத்தி ஒண்ணு. இவ்வளவு பேரா?"

"இன்னிக்கு மட்டும். அஞ்சு மணி நேரத்துல."

"ஸ்டாப்பைத் திரும்ப வைப்பாங்களா?"

"எழுதிக் கொடுக்கப்போறேன். வைப்பாங்களான்னு தெரியலக்கா."

அக்கா தாளைத் திருப்பித் தரவில்லை. "இதுல நான் இருக்கேனா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. நேர்ல பார்த்தவங்கள மட்டும்தான் எழுதணும்."

"கால் இருந்திருந்தா இன்னிக்கு வந்திருப்பேன்ல. திங்கக்கிழமைதானே." பென்சிலையும் தாளையும் என் கையில் வைத்தாள். "நாப்பத்தி ரெண்டுன்னு போடு."

பார்க்காத ஆளை எழுதக் கூடாது என்பதும் முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி. அந்த ஒற்றைக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டேன். அக்கா தாளை வாங்கி மறுபடி முதலிலிருந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "இப்பதான் சரி" என்றாள்.