வராந்தாவை அறுத்த மருமகன்

ரம்பம் பாதி மரத்தில் சிக்கிக்கொண்டது.

சகாயநாதன் ஏணியின் மேல்படியில் நின்று, இடது கையால் கூரையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ரம்பத்தை உருவப் பார்த்தான். அசையவில்லை. வடகிழக்கிலிருந்து வந்த காற்று அவனை ஏணியோடு சேர்த்து ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துவிட்டுப் போனது. எதிர்த் தோப்பில் ஒரு தென்னை முறிந்த சத்தம் துப்பாக்கி வெடித்தது போலக் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் வேகமா அறுங்க மாப்ளே," என்றது கீழேயிருந்து ஒரு குரல். "என் தலை மேலயே விழட்டும். கோயில்ல சாவு மணி அடிக்கிறவனுக்கும் ரொம்ப நாளா வேலையில்ல."

அறுபடும் வராந்தாவுக்கு நேர் கீழே, பிரம்பு நாற்காலியில் மாமனார் தனிஸ்லாஸ் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வாயில் அணைந்துபோன சுருட்டு. அசைவதாகத் தெரியவில்லை.

1935, கார்த்திகை. புதுச்சேரித் துறைமுகக் கொடிமரத்தில் காலையிலேயே புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். சகாயநாதன் அரசாங்கப் பொதுப்பணி ஆபீசில் கட்டடப் படம் வரைகிறவன். பாலம் ஒன்றுக்காக அவனை இரண்டு மாதம் காரைக்காலுக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று காலை ரயிலில்தான் திரும்பினான். ஆளைவைத்துத் தள்ளும் புஷ்புஷ் வண்டிக்காரன் கருவடிக்குப்பம் வழியில் பாதியிலேயே இறக்கிவிட்டு, "இதுக்கு மேல வண்டி பறக்கும் மிசியே, ஓடாது," என்று சொல்லிவிட்டான். மிச்சத் தூரம் நடந்து வந்தவன் தன் வீட்டைப் பார்த்தான். அவ்வளவுதான். பெட்டியைச் சேற்றில் போட்டுவிட்டு ரம்பம் தேடப் போனான்.

அந்த வீட்டை அவன் படத்தில் ஒரு வருஷம் கட்டினான். பிறகுதான் மண்ணில் கட்டினான். வெயிலையும் புயலையும் ஒரே வீடு ஏமாற்ற வேண்டும் என்பது அவன் எண்ணம். மேற்குச் சுவர் தடிமனாக இருக்கும், அதில் சன்னல் கிடையாது. கூரைக்கு அடியில் சுற்றிலும் சின்னச் சின்னத் துவாரங்கள், புயல் நாளில் மூடிக்கொள்ளலாம். சூடு மேலே ஏறி அப்படியே வெளியேறிவிடும், சித்திரையிலும் விசிறி வேண்டாம். கூரை நாலு பக்கமும் சரியும், காற்றுக்குப் பிடி கிடைக்காது. அடித்தளத்தில் பதித்த இரும்புக் கம்பிகள் சுவருக்குள்ளேயே ஏறி வந்து கூரை மரங்களை இறுக்கிப் பிடித்திருக்கும். தெருவில் இதற்குத் 'தொப்பி வீடு' என்று பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும்.

வராந்தா மட்டும் தனி. வீட்டுச் சுவரிலிருந்து பிதுங்கும் கற்களின் மேல் ஓர் உத்தரம், அதன்மேல் வராந்தாவுக்கென்று தாழ்வான சின்னக் கூரை. வீட்டுக் கூரைக்கும் அதற்கும் ஒட்டு உறவு கிடையாது. புயல் வந்தால் வராந்தாவைப் பிய்த்துக்கொண்டு போகட்டும், வீட்டை விட்டுவிடும். பல்லி வாலைக் கொடுத்துவிட்டுத் தப்பிப்பது போல.

அவன் ஊரில் இல்லாத இரண்டு மாதத்தில், மகளுக்குத் துணையாக வந்து தங்கிய தனிஸ்லாஸ் அந்த வாலை உடம்போடு தைத்துவிட்டார். முருகையன் ஆசாரியைக் கூப்பிட்டு, உயரமான தூண் நிறுத்தி, வராந்தாவின் கைமரங்களை நீட்டி வீட்டுக் கூரை மரங்களோடேயே ஆணி அடிக்கச் சொல்லிவிட்டார். பத்துப் பேர் படுக்கலாம், அவ்வளவு அகலம். கேட்டவர்களிடம், "கடற்கரை வீதித் துரை பங்களா மாதிரி இருக்கணுமில்ல?" என்றார். மனை அவர் கொடுத்தது. யார் மறுத்துப் பேசுவது?

இப்போது காற்று அந்த அகல வராந்தாவுக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. வராந்தா போனால் ஆணி அடித்த வீட்டுக் கூரையையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். உள்ளே சகாயநாதனின் மனைவி சூசைமேரி இருந்தாள். கீற்று வீடு சரிந்து இங்கே ஓடிவந்த பக்கத்துத் தோட்டத்துச் சாமிக்கண்ணுவும், அவன் மனைவி பார்வதியும், அவர்கள் குழந்தைகளும் இருந்தார்கள்.

ரம்பம் விடுபட்டது. சகாயநாதன் மறுபடி இழுத்தான்.

"மாமா, உள்ள போங்க. இது போனா உங்களையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிடும்."

"தொங்கின்ல நான் பாக்காத புயலா? இருவது வருசம் கடல் தாண்டி சைகோன்லயும் தொங்கின்லயும் சுங்கச் சிப்பாயா இருந்தவன். அங்க அடிக்கிறதோட பாத்தா இது விசிறிக் காத்து. வெளிய நின்னவன் எவனும் சாகல."

"இவரு வீட்டுக்குள்ள வந்து படுத்ததே கிடையாதுங்க," என்றான் சாமிக்கண்ணு சன்னல் இடுக்கு வழியாக. "ரெண்டு மாசமா பாக்குறேன். மழையோ குளிரோ, வராந்தாதான்."

"நீ வாய மூடுடா. ஒண்ட வந்தவன் ஒண்டிக்க."

இது வீம்பு என்றுதான் சகாயநாதன் நினைத்தான். தான் கட்டிய அலங்காரத்தை மருமகன் அறுப்பதை எந்த மாமனார் பொறுப்பார்? ஆனால் மாமனாரின் வீம்புக்காக ஒரு வீட்டுக் கூரையைக் கொடுக்க முடியாது. அவன் அடுத்த மரத்துக்கு ஏணியை நகர்த்தினான்.

மரங்கள் ஒவ்வொன்றாக உத்தரத்தின் மேல் தளர்ந்து உட்கார்ந்தன. கடைசி மரம் மட்டும் மிச்சம் இருந்தபோது காற்று திடீரென்று சுருதியை மாற்றியது. வராந்தா முழுவதும் ஓர் அங்குலம் எழும்பி, மறுபடி தொம்மென்று உட்கார்ந்தது. வீட்டுக் கூரையில் எங்கோ ஓர் ஆணி கிறீச்சிட்டது. உள்ளே பார்வதி, "மாரியாத்தா!" என்று அலறினாள்.

இப்போது கணக்கு எளிது. கடைசி மரத்தை வெட்டினால் வராந்தா போகும், அடியில் இருப்பவரும் போவார். வெட்டாவிட்டால் எல்லாரும் போவார்கள்.

சகாயநாதன் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கோடரியை எடுத்தான். எடுத்தவன் ஓங்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு சூசைமேரி வந்தாள். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நனைந்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னா இது? உள்ள போ," என்றார் தனிஸ்லாஸ்.

"நீ வா. வந்தா போறேன்."

"நோன்! வேணாம்! எழுந்திரு, சூசே."

"நீ துரை பங்களாவுக்குக் காவல் இரு. நான் உனக்குக் காவல் இருக்கேன். வெட்டுங்க நீங்க, இன்னாத்துக்கு யோசிக்கிறீங்க? ரெண்டு பேருக்கும் ஒரே குழியா போட்டுடலாம்."

தனிஸ்லாஸ் மகளைப் பார்த்தார். பிறகு திறந்திருந்த கதவைப் பார்த்தார். கதவைப் பார்த்த பார்வைதான் நீளமாக இருந்தது. சுருட்டைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"வரேன். ஆனா கதவத் தாழ் போடக் கூடாது."

"போடல மாமா."

"சத்தியமா?"

"மாதா சத்தியமா. போங்க!"

அவர்கள் வாசலைத் தாண்டிய மறுகணம் கோடரி இறங்கியது. இரண்டே வெட்டு. சகாயநாதன் ஏணியிலிருந்து குதித்து, வாசலுக்குள் உருண்டு விழுந்தான். பின்னால் ஏதோ பெரிய மிருகம் எழுந்திருப்பது போலச் சத்தம் வந்தது. வராந்தா தூணோடும் ஓட்டோடும் பிரம்பு நாற்காலியோடும் எழும்பியது. ஒரு கணம் அந்தரத்தில் நின்று யோசித்தது. அப்புறம் தோப்புக்குள் போய்விட்டது.

தலைக்கு மேல் வீட்டுக் கூரை ஒரு முறை முனகிவிட்டு அடங்கியது. கம்பிகள் பிடித்துக்கொண்டன.

வெளிப்பக்கம் திறக்கும் கதவைக் காற்று அறைந்து சாத்தியது. சாத்தியது மட்டுமில்லை, நிலையோடு வைத்து அழுத்தியது. தனிஸ்லாஸ் அதைத் தள்ளிப் பார்த்தார். தோள் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை.

"தாழ் போடலன்னீங்களே?"

"நான் போடல மாமா. காத்தே போட்டுடுச்சு," என்றான் சகாயநாதன் பெருமையாக. "அதுக்குத்தான் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வச்சேன். காத்து எவ்வளவு அழுத்துதோ அவ்வளவு இறுகும். எல்லாக் கதவும் அப்படித்தான்."

கிழவர் அவனை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்தது. வராந்தா இல்லாத வாசலில் மழை நேராக அடிக்கும்போது கசியத்தானே செய்யும்? சாமிக்கண்ணு சாக்கை எடுத்துப் போட்டான். சாக்கு நனைந்து, தண்ணீர் கூடத்தில் ஒரு நாக்கு போல நீண்டது. தனிஸ்லாஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் விரலில் அது பட்டதும் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது.

மேசைமேல் ஏறினார். மேசையிலிருந்து பரணுக்குத் தாவினார். அந்த வயதில் அப்படித் தாவ முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. பரணில் கிடந்த கடப்பாரை அவர் கையில் வந்தது. தலைக்கு மேல் இருந்த ஓடுகளை ஓங்கி இடித்தார்.

"மாமா!"

"குழந்தைங்கள மேல குடுங்க! மொதல்ல குழந்தைங்கள!"

இன்னோர் இடி. ஒரு சில்லு கீழே விழுந்தது. கூரையில் ஒரு கையளவு ஓட்டை விழுந்தால் போதும், காற்று உள்ளே புகுந்து மொத்தக் கூரையையும் மூடியைத் திறப்பது போலத் திறந்துவிடும். சகாயநாதன் பரணில் ஏறி அவர் காலைப் பிடித்தான். அவர் உதைத்தார். அவன் மூக்கில் ரத்தம் வந்தது.

"சாமிக்கண்ணு, புடிடா அவர!"

"நான் எங்கங்க புடிக்கிறது, கடப்பாரை இல்ல வச்சிருக்காரு!"

"தண்ணி வந்துட்டு இருக்கு, கதவு தெறக்காது, நீங்கல்லாம் இன்னா பாத்துட்டு நிக்கிறீங்க!" தனிஸ்லாஸின் குரல் உடைந்து கிறீச்சென்று வந்தது. பிறகு கீழே பார்த்து, திடீரென்று மெதுவாக, "சூசே, அந்தத் தண்ணிய நக்கிப் பாரு. உப்பா இருக்கா?" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. சூசைமேரி மட்டும் கேள்வி கேட்கவில்லை. குனிந்து, தரையில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு இல்லப்பா."

"நல்லாப் பாரு."

மறுபடி தொட்டாள். இந்த முறை உள்ளங்கையில் அள்ளிக் குடித்தே காட்டினாள். "மழைத் தண்ணிப்பா. சுண்ணாம்பு வாசனை அடிக்குது, உப்பு இல்ல."

கடப்பாரை மெல்ல இறங்கியது. தனிஸ்லாஸ் பரணிலேயே உட்கார்ந்துவிட்டார். கீழே இறங்கி வர மறுத்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் காற்றின் பலம் குறைந்தது. அதுவரைக்கும் சூசைமேரி கொஞ்சத்துக்கு ஒரு தரம் தரையைத் தொட்டு ருசி பார்த்து, "உப்பு இல்லப்பா," என்று மேலே சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் வெயில் ஒன்றுமே நடக்காதது போல அடித்தது. தோப்பில் பாதி மரம் படுத்துக் கிடந்தது. வராந்தாவின் தூண் ஒன்று குளத்தில் செங்குத்தாக நின்றது. தெருவில் கூரையோடு நின்ற வீடு இது ஒன்றுதான். சுற்றிப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். 'தொப்பி வீடு' என்று முதலில் சொன்னவரே வந்து கம்பி எங்கே போகிறது என்று விசாரித்தார். சகாயநாதன் வீங்கிய மூக்கோடு எல்லாருக்கும் விளக்கினான்.

தனிஸ்லாஸ் வெளியே, உடைந்த தூணின் அடிக்கல் மேல் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் சகாயநாதன் அவர் பக்கத்தில் போய் நின்றான். சண்டை போட அவனுக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"பாத்தீங்களா மாமா? நீங்க இடிச்சத தவிர ஒரு ஓடு நகரல."

"அங்கயும் நகரல," என்றார் தனிஸ்லாஸ்.

"எங்க?"

"தொங்கின்ல. கடலோரத்துல எங்களுக்குக் குடுத்த வீடு. கல்லு வீடு, துரைமார் கட்டினது. உங்க வீடு மாதிரியே கெட்டி. ஊரு முழுக்கத் தரைமட்டம், அது மட்டும் நிக்குது. நான் துறைமுகத்துல காவல் இருந்தேன். வெட்டவெளியில, கம்பத்தக் கட்டிப் புடிச்சிகிட்டு. விடிஞ்சதும் ஓடியாறேன். தூரத்துல கூரையப் பாத்ததும் சேசுவே ஆண்டவரேன்னு மண்டி போட்டேன்."

சூசைமேரி காபி லோட்டாவோடு வாசலுக்கு வந்தாள். தொங்கினைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவள் அங்கே பிறந்தாள். அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா அங்கே காய்ச்சலில் போய்விட்டாள். சின்ன வயதிலிருந்து அப்பா சொன்ன கதை அது.

"கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு," என்றார் தனிஸ்லாஸ். "கடல் உள்ள வந்திருக்கு. வெளிய தண்ணி நெறஞ்சா உள்ளேர்ந்து எவன் தள்ளுறது? சுவத்துல தண்ணி நின்ன கோடு என் தலைக்கு மேல இருந்துச்சு. நான் போனப்ப தண்ணி வடிஞ்சி, வாசல்ல இடுப்பளவு சேறு. கதவு வரல. ஓட்டப் பிரிச்சித்தான் உள்ள எறங்கினேன்."

அவர் சகாயநாதனைப் பார்க்கவில்லை.

"பகட்டுக்கு வராந்தா கேக்குறான் கெழவன்னு நெனச்சீங்க. நெனச்சிட்டுப் போங்கன்னு விட்டேன். கூரைக்குக் கீழ இருக்கணும், ஆனா கதவு இருக்கக் கூடாது. எனக்கு அப்படி ஒரு எடம் வேணும். அத வாயால சொல்லத் தெரியல."

சூசைமேரியின் கையில் லோட்டா ஆறிக்கொண்டிருந்தது. "உள்ள யாருப்பா இருந்தாங்க?"

"நீ இருந்தே. பரண் மேல, ஓட்டுக்கு அடியில, ஒரு கூடையில. அழுதுட்டு இருந்தே." அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "கூடைக்கு அடியில ரெண்டு கை இருந்துச்சு. பரண் மூங்கில்ல முட்டுக் குடுத்த மேனிக்கு, அப்படியே. விரலப் பிரிக்க முடியல என்னால. உங்கம்மாவுக்குக் காய்ச்சல் வரலம்மா."