வேலிக்குள் மேய்ந்தவை

வேலிக்கதவு திறந்து கிடப்பதைப் பார்த்ததுமே எனக்கு ரத்தம் கொதித்தது. மணல்மேட்டின் மேலே ஆடுகள் மேய்கின்றன! ஒன்றிரண்டு இல்லை, ஒரு பட்டியே. அதுவும் வடக்குக் காற்று எழும்பிக்கொண்டிருந்த மே மாதக் காலையில்.

அந்த மேட்டில் மணல்புல் விதைத்து ஐந்து வருஷமாகிறது. வேறு புல் என்றால் மணல் மூடினதும் செத்துவிடும். இது மூட மூட மேலே வரும், வேர்மேல் வேர் விட்டு மேட்டையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பனியும் உப்புக்காற்றும் அதை ஒன்றும் செய்ததில்லை. ஆனால் வசந்தத்தில் தலைநீட்டுகிற குருத்தை ஆடு கடித்துவிட்டதோ, தொலைந்தோம். ஐஸ்லாந்தின் இந்தத் தென்கரையில் மணல் ஒருமுறை கிளம்பினால் யார் சொல்லியும் கேட்காது. முதலில் விழுவது மேட்டடியில் இருக்கும் கிரிமூரின் புல்வயலில்தான். அடுத்தது எங்கள் வயல்.

இருந்தும் நான் சந்தேகப்பட்டது அந்தக் கிரிமூரைத்தான். பசி வந்தால் யாருக்குப் புத்தி வேலை செய்யும்? போன ஞாயிறு தேவாலயத்து வாசலில், "ஆடுங்க சாகுது ராக்னா, ஒரு பிடி காஞ்ச புல்லு மிச்சமில்ல" என்று அழாத குறையாகச் சொன்னவன் அவன்.

அவனே கீழேயிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"ஏய்யா, உனக்கு அறிவிருக்கா? ஊரையே புதைக்கப் பாக்கறியா?"

"என் ஆடு இல்ல."

"பின்ன, வானத்துலேருந்து குதிச்சுதா?"

"கத்தாத. காதைப் பிடிச்சுப் பாரு."

அதற்குள் மணல் பறக்க ஆரம்பித்து, கண்ணைத் திறக்க முடியவில்லை. கைக்கு அகப்பட்ட ஆட்டை முழங்காலுக்கிடையில் இறுக்கி, காதைத் தடவினேன். எங்கள் ஊரில் காதுவெட்டுதான் ஆட்டுக்குப் பெயர்ப்பலகை. வலது காது நுனியில் பிளவு. இடது காதின் பின்பக்கம் ஒரு வெட்டு. கல்யாணத்தின்போது என் அப்பா எனக்கென்று விட்டுக்கொடுத்த அடையாளம் அது! இன்னொன்றைப் பிடித்தேன். அதுவும் அப்படியே.

"யாருது?" என்றான் கிரிமூர்.

ஆட்டை விட்டுவிட்டு எழுந்தேன். "எங்களுது."

வேலிக்கு அந்தப்பக்கம் என் புருஷன் இங்வார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"குட்டி போடற நேரம், ராக்னா. கண்ணெதிர சாகவிடச் சொல்றியா? ஒரு காலை மட்டும்னுதான் திறந்தேன்."

"எத்தனை காலை?"

அவன் தலை தொங்கியது. "இதோட நாலு."

நாலு! மேட்டின் காற்றுப்பக்கம் முழுக்க மொட்டையடித்த மாதிரி இருந்தது. உச்சியில் மணல் புகையாய்க் கிளம்பத் தொடங்கியிருந்தது.

"நம்ம பட்டிக் கூரையைப் பிரி," என்றேன்.

"ஐயோ, குட்டிங்க குளிர்ல..."

"மணலைத் தடுக்கப் பலகை வேணும். பிரிங்கறேன்ல! அப்புறம் அழுதுக்கலாம்."

பலகைகளை இழுத்து வந்து மொட்டைச் சரிவில் வரிசையாக நட்டோம். கல் வைத்து முட்டுக் கொடுத்தோம். நான் வாய்க்கு வந்தபடி ஏசினதையெல்லாம் கேட்ட கிரிமூர், பலகையின் மறுமுனையைத் தூக்கினான். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

ஒரு பலகையை நடும்போது சொன்னான்: "எனக்குப் பதினோரு ஆடு போச்சு. தோலை உரிச்சுத் தூக்கிக்கிட்டு இந்தக் கதவைத் தாண்டித்தான் தெனம் போனேன். கையை வைக்கல."

மத்தியானம் காற்று தணிந்தது. மேட்டின் உச்சி தப்பிவிட்டது. ஆனால் ஆடு கடித்த பக்கத்து மணல் நிற்கவில்லை. காற்று தணிவதற்குள் அது கீழே இறங்கி, கிரிமூரின் வயலில் பாதிக்கு மேல் கருமணலாய்ப் படுத்துவிட்டது. இன்னும் இரண்டு மாதத்தில் அரிவாள் வைத்து, வரும் குளிர்காலத்துக்குத் தீவனம் சேர்க்க வேண்டிய வயல்.

நான் அவனிடம் போனேன். "கிரிமூர், எங்க பட்டியில நல்லதாப் பாத்துப் பதினொண்ணு ஓட்டிக்கிட்டுப் போயிடு. தயவுசெஞ்சு வேண்டாம்னு சொல்லாத."

அவன் குனிந்து மணலுக்குள் கையை விட்டான். முழங்கை வரை போனது. அடியிலிருந்து நசுங்கிய பச்சைப்புல் கொஞ்சம் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தான்.

"ஓட்டிக்கிட்டுப் போய்? அதுங்களுக்கு எதைப் போடுவேன், ராக்னா?"