மாப்பிள்ளை கழுவிய இரும்புச் சட்டி

என் அப்பா திட்டாத ஆள் கிடையாது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சாலையில் எதிரே வரும் லாரியைத் திட்டுவார், பச்சைக்கு மாறாத சிக்னலைத் திட்டுவார், வீட்டுக்கு வந்தால் டிவியில் வானிலை சொல்லும் பெண்ணைத் திட்டுவார். அம்மாவையும் என்னையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அவர் திட்டி யாரும் வாடிப்போனதில்லை. ஒருநாள் அவர் கத்தாமல் வண்டி ஓட்டினால் வேனில் இருக்கும் பிள்ளைகளே, "அங்கிளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்கும். எங்கள் வீட்டில் திட்டு என்பது உப்பு மாதிரி, இல்லையென்றால்தான் கவனிப்போம்.

இப்படிப்பட்ட மனுஷன் எனக்குக் கல்யாணம் ஆனதும் ஒரே ஒருவரிடம் மட்டும் வெண்ணெயாக உருகிப்போனார். என் வீட்டுக்காரரிடம்.

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் வேலை. டாக்டர் இல்லை. ஆபரேஷன் முடிந்ததும் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் மெஷினில் போட்டுக் கழுவி, கிருமி இல்லாமல் செய்து, அடுத்த ஆபரேஷனுக்குத் தயாராக்கும் பிரிவு ஒன்று இருக்கிறதே, அங்கே. எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம் என்பதால் கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே தங்கிவிட்டோம். எனக்குப் பரம சந்தோஷம். பிறந்த வீட்டிலேயே குடித்தனம், அம்மா கையால் காப்பி, அடுத்த தெருவில் நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடை. இதற்கு மேல் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்?

அவர்தான் திணறினார். வீட்டில் இருந்த ஒரே நல்ல நாற்காலி அவருக்கு. முதல் காப்பி அவருக்கு. சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தால் அம்மா தையல் மெஷினை விட்டுவிட்டு ஓடிவந்து பிடுங்கிக்கொள்வாள். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால் அப்பா பதறிப்போவார். "ஐயோ, எறங்குங்க மாப்பிள்ள! இதெல்லாம் நீங்க செய்யலாமா?" என்பார். அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "மரம் மாதிரி நிக்கிற? ஏறு நீ!" என்பார்.

கையைக் கட்டிப் போட்டது மாதிரி இருந்த மனுஷன் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு நாள் டெம்போவில் ஒரு டிஷ்வாஷர் வந்து இறங்கியது. கையால் பாத்திரம் கழுவத்தானே விடமாட்டீர்கள், மெஷினால் கழுவினால் என்ன செய்வீர்கள் என்பது அவர் கணக்கு. அப்பாவுக்கு அந்தப் பெட்டியைப் பார்த்ததும் காதில் புகை வந்தது. நான் வாங்கி வந்திருந்தால் பெட்டியோடு என்னையும் தெருவில் வைத்திருப்பார். ஆனால் வாங்கியது மாப்பிள்ளை ஆயிற்றே! "ரொம்ப நல்லதாப் போச்சு மாப்பிள்ள" என்று மென்று முழுங்கினார்.

அன்றிலிருந்து மெஷின் அவருடைய ராஜ்ஜியம். ஆபரேஷன் தட்டை அடுக்குகிற மாதிரி கண்ணும் கருத்துமாக அடுக்குவார். கழுவி முடிந்ததும் ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவர் வேலையில் ஒரு பொட்டுக் கறை தெரிந்தால்கூட மறுபடியும் கழுவ வேண்டுமாம். மெஷினோடு வந்த புத்தகத்தைப் படிக்கச் சொன்னேன். "நான் தினம் பண்ற வேலைய எனக்கே சொல்லிக் குடுக்குதா அது?" என்றார். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் வரைக்கும் அவர் செய்தது சரிதான். பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

முதலில் பால் காய்ச்சும் அலுமினியப் பாத்திரம் சாம்பல் பூசிக்கொண்டு வந்தது. "ஏன் இப்படி ஆச்சு அத்தை?" என்று கேட்டார். "அது பழசு மாப்பிள்ள, அப்படித்தான் இருந்துச்சு" என்று அம்மா கூசாமல் சொன்னாள். அடுத்து மரக்கரண்டி இரண்டாகப் பிளந்தது. "புதுசு வாங்கணும்னு நானே நெனச்சேன்" என்றார் அப்பா. ஒட்டாத பூச்சு போட்ட சட்டி செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. அதில் பொரித்த முட்டையில் கருப்புத் துணுக்குகள் கிடந்தன. "மிளகு தூக்கலா இருக்கு, நல்லாருக்கு" என்று சாப்பிட்டார் அப்பா! நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அம்மா ஒரு பார்வை பார்த்தாள். தையல்காரி, கண்ணாலேயே என் வாயைத் தைத்துவிட்டாள். ஆக, எந்தப் பாத்திரம் மெஷினுக்கு ஆகும், எது ஆகாது என்று அவருக்குச் சொல்ல இந்த வீட்டில் நாதியில்லை. மரியாதை கொடுத்தே அந்த மனுஷனை முட்டாளாக்கி வைத்திருந்தோம்.

இதற்கு நடுவில் ஒரு மாலை, துணி மடித்துக்கொண்டே அவர் சொன்னார்.

"உங்க அப்பா என்னை இன்னும் ஒரு தடவகூட திட்டல."

"சந்தோஷப்படுங்க."

"பக்கத்து வீட்டு நாயக்கூட திட்டுறாரு. அது சொந்த வீடு மாதிரி வாலாட்டிக்கிட்டு உள்ள வருது. நான்தான் ஏதோ லாட்ஜுல ரூம் எடுத்துத் தங்கியிருக்குற மாதிரி இருக்கேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி ஊழியர் குடியிருப்பில் ஒரு வீடு காலியாகிறதாம். எடுத்துக்கொள்கிறாரா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். "அங்க போனா என் டம்ளர நானே கழுவுவேன்" என்றார். அந்தக் குடியிருப்பு ஊரின் மறுகோடியில் இருந்தது. எனக்கு அங்கே போக விருப்பமில்லை, கொஞ்சம்கூட இல்லை. ஆனால் எட்டு மாதமாக ஒரு மனுஷன் தன் வீட்டிலேயே விருந்தாளியாக உட்கார்ந்திருக்கும்போது, இரு என்று எந்த வாயால் சொல்வது?

அந்தச் சனிக்கிழமை அவருக்கு லீவு. அம்மா தைத்து முடித்த துணிகளைக் கொடுக்க அப்பாவின் வேனில் போயிருந்தாள். நான் கடையில். வீட்டில் அவர் மட்டும்.

சாயங்காலம் நான் உள்ளே நுழைந்ததும், "கண்ண மூடிட்டு வா" என்று சமையலறைக்குக் கூட்டிப்போனார். கண்ணைத் திறந்தால், மேடை மேல் வெளுத்துப்போன சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று இருந்தது. ஓரமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் துரு.

"என்ன இது?"

"மாமாவோட இரும்புச் சட்டி! மேல் தட்டுல துணி சுத்தி வெச்சிருந்தாரு. எவ்ளோ அழுக்கு தெரியுமா? கம்பி நார் போட்டுத் தேச்சு, அதிகச் சூட்டுல மூணு தடவ ஓட்டினேன். பாரு, எப்படி ஆயிருச்சு! நாம போறதுக்கு முன்னாடி மாமாவுக்கு ஒரு நல்லது செய்யணும்னு தோணுச்சு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது அப்பா வேன் ஓட்ட ஆரம்பித்த புதிதில் வாங்கிய சட்டி. தினமும் காலையில் தனக்கான ஆம்லெட்டை அவரே அதில் போட்டுக்கொள்வார். வேறு யாரும் தொடக்கூடாது. சோப்பு காட்டமாட்டார். வெந்நீர் விட்டுத் துடைத்து, அடுப்பில் காயவைத்து, துளி எண்ணெய் தடவி வைப்பார். அப்படித் தடவித் தடவி ஏறிய கருப்பு அது. முட்டை அதில் வழுக்கிக்கொண்டு ஓடும். அதைத்தான் இவர் அழுக்கு என்று உரித்து எடுத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். அலுமினியம், மரக்கரண்டி எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போனது.

"நான் பண்ணினதா சொல்லிடுறேன். எனக்கு வாங்கிக் கட்டிக்கிட்டுப் பழக்கம்தான்" என்றேன்.

"வேணாம். நான்தான் சொல்லணும்" என்றார்.

அப்பா வந்ததும் சட்டியை இரண்டு கையாலும் எடுத்துப்போய் முன்னால் நீட்டினார். "மாமா, நான் தெரியாம மெஷின்ல போட்டுட்டேன்." அப்பா பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. அம்மா பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். திறந்த வாய் ஒருமுறை மூடித் திறந்து, "பரவால்ல மாப்பிள்ள. இரும்புதான, போகட்டும்" என்றது. பிறகு அவர் வேனைத் துடைக்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் அதே நல்ல நாற்காலியில் வந்து பொத்தென்று உட்கார்ந்தார். "இதுக்கும் திட்டல பாத்தியா? நான் யாரோதான். நாளைக்கு அந்த வீட்டுக்கு சரின்னு சொல்லிடுறேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

எனக்கு வந்ததே கோபம்! நேராக வேனுக்குப் போனேன். அப்பா காய்ந்துகிடந்த கண்ணாடியைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் வீட்டைவிட்டுப் போறேங்கிறாரு."

"ஏன்? நான் ஒண்ணுமே சொல்லலையே!"

"அதனாலதான் போறாரு! என்னத் திட்டுறீங்க, அம்மாவத் திட்டுறீங்க, அவர மட்டும் ஏன் திட்டல? அவர் இந்த வீட்டு ஆளு இல்லையா?"

அப்பா துணியோடு அப்படியே நின்றார். "திட்டலைன்னு ஒருத்தன் கோவிச்சுப்பானா?" என்று கேட்டார். பிறகு, "மாப்பிள்ளைய எப்படிம்மா திட்டுறது? மனசுல ஏதாவது வெச்சுக்கிட்டு உன்னைக் கஷ்டப்படுத்தினா?" என்றார். இவ்வளவு நாளும் அவர் வாயைக் கட்டி வைத்திருந்தது எனக்காகப் பட்ட பயம். அது தெரிந்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. இருந்தாலும் விடவில்லை, கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தேன்.

அப்பா கூடத்தின் நடுவில் நின்று தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ள... நீங்க வந்து... அதாவது நீங்க பண்ணினது..."

"சொல்லுங்க மாமா."

"கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்" என்றார் அப்பா, பத்திரிகை வைக்க வந்தவர் மாதிரி. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நல்லவேளையாக என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "தப்புதான் மாமா. ஆனா அதுல இருந்த அழுக்க நீங்க பாத்திருக்கணும். எங்க ஆஸ்பத்திரிக்கு அந்த நெலமையில ஒரு சாமான் வந்தா, தூக்கிக் குப்பையில போட்ருவோம்."

"அழுக்கா?" என்றார் அப்பா.

அம்மா சுவரோடு ஒண்டிக்கொண்டாள்.

"எதய்யா அழுக்குங்கிற? தினம் தினம் எண்ணெய் காட்டிப் பழக்கின சட்டிய்யா அது! அத அழுக்குன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு? அலுமினியத்த போட்டுக் கருக்கின, பேசாம இருந்தேன். கரண்டியப் பொளந்த, பேசாம இருந்தேன். அந்த ஒட்டாத சட்டிய உரிச்சு எனக்கே முட்டையில போட்டுக் குடுத்த, அதையும் மிளகுன்னு சொல்லி முழுங்கினேன்! எவர்சில்வரப் போடு, கண்ணாடியப் போடு, எவன் வேணாம்னான்? கண்ணுல பட்டதையெல்லாம் உள்ள தள்ளுவியா? நான் கொஞ்சம் அசந்து தூங்கினா என்னையும் மடக்கி உள்ள வெச்சுருவ போலிருக்கே!"

"என்னங்க, மாப்பிள்ளையப் போயி..." என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு! குளிச்சிட்டு வந்து ஈரத்துண்ட எங்க போடுறான் பாத்தியா? என் நாற்காலி மேல! இருபது வருஷமா நான் உக்காந்த நாற்காலி! முதுகு வலிக்குதுய்யா எனக்கு அந்த ஸ்டூல்ல! எந்திரி மொதல்ல!"

அவர் துள்ளி எழுந்தார். அப்பா தன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி ஆரம்பித்தார். எட்டு மாதப் பாக்கி. செருப்பை வாசலில் குறுக்கே கழற்றுவது, குழாயைச் சரியாக மூடாதது, போனில் கத்திப் பேசுவது என்று கிழி கிழியென்று கிழித்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். காது இரண்டும் சிவந்திருந்தது. சிரிப்பு வந்துவிடக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை, எங்கள் கல்யாணத்தன்றுகூட.

"இன்னும் ஏதாவது இருக்கா மாமா?"

"இருக்கு. வா அடுப்படிக்கு. கெடுத்தவன் நீ, நீதான் சரி பண்ணணும்."

துருவைத் தேய்த்து எடுக்க வைத்தார். அடுப்பில் காயவைத்து, எண்ணெய் தடவச் சொல்லி, அதிகமாகத் தடவினதற்குத் திட்டினார். துடைக்கச் சொல்லி, மெதுவாகத் துடைத்ததற்குத் திட்டினார். வீடு முழுக்கப் புகை. அம்மா ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டே, "நல்லா மாட்டினாரு" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதில் முதல் ஆம்லெட் போட்டார் அப்பா. பாதி சட்டியிலேயே ஒட்டிக்கொண்டது. பிய்ந்து கருகி வந்த மீதியைத் தட்டில் கொட்டி என் வீட்டுக்காரர் முன்னால் தள்ளினார். "தின்னு. ஒட்டாம வர்ற வரைக்கும் இந்த வீட்டுல உனக்கு இதுதான்." அவர் ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். தட்டை அவரே எடுத்துப்போய்க் கழுவினார். அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். நான் பிடித்து உட்கார வைத்தேன்.

அப்போதுதான் குடியிருப்பு ஆபீசிலிருந்து போன் வந்தது.

"வேணாங்க" என்றார் அவர். "இல்லல்ல, வீட்ட ஒண்ணும் குறை சொல்லல. என்னால வர முடியாது, அவ்வளவுதான்."

"யார்கிட்டய்யா அங்க அரட்டை?" என்று அடுப்படியிலிருந்து அப்பா கத்தினார். "சட்டி காயுது! எண்ணெய எங்க வெச்சுத் தொலைச்ச?"

மற்றவர்களாக இருந்தால் போனைக் கையால் மூடியிருப்பார்கள். இவர் அதை அடுப்படிப் பக்கம் நீட்டிப் பிடித்தார். அப்பா கத்தி முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, மறுபடி காதில் வைத்து, "கேட்டுச்சா? எங்க மாமா" என்றார்.